மூன்றாவது பத்தியில் 41 பெயர்கள்

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எங்கள் வட்டாரத்து ஏரிகளைப் பற்றி நான் எழுதிச் சொந்தமாக அச்சிட்ட நூலை யார் யார் வாங்கினார்கள் என்ற கணக்கு அது. ஒவ்வொரு பக்கத்தையும் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்திருக்கிறேன். முதலாவதில் தெரிந்தவர்கள். இரண்டாவதில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். மூன்றாவதில் முன்பின் அறியாதவர்கள். அச்சிட்ட 300 பிரதிகளும் தீர்ந்த அன்று கூட்டிப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில் 41 பெயர்கள். மிச்சமுள்ள 259 பேர் என் மாமா, பள்ளித் தோழர்கள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், அவருடைய சம்பந்தி என்று நீள்கிறார்கள்.

"முந்நூறும் போய்விட்டதே, பெரிய வெற்றிதான்" என்றார்கள் நண்பர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருத்தமும் இல்லை. எதை வைத்து இதை வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்வது என்ற கேள்வி மட்டும் அந்த நோட்டோடு சேர்ந்து மேசையில் கிடக்கிறது. பதிப்பகத்தின் துணையில்லாமல் தமிழில் எழுதி வெளியிடுகிற எல்லோர் மேசையிலும் அது கிடக்கும் என்று நினைக்கிறேன். வாங்குகிறவர் யார், வாங்கியவர்களில் படிக்கிறவர் யார், அவர்களில் நம் முகத்துக்காகப் படிக்காதவர் யார் என்று பிரித்துப் பார்க்காமல் அதற்குப் பதில் கிடைக்காது.

மொய்

பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். பணம் தேவைப்படுகிறவர் ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். நாளை அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன்தான், ஆனால் நோட்டில் பெயர் இருக்கும்.

தமிழ் நூல் வெளியீட்டு விழாவும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். கறிச்சோற்றுக்குப் பதில் காராசேவும் காபியும். மேடையில் ஆறு பேர், கீழே ஐம்பது பேர். அந்த ஐம்பதில் பாதிக்கு மேல் எழுதுகிறவர்கள். இன்று அவர்கள் என் புத்தகத்தை வாங்கினால் அடுத்த மாதம் நான் அவர்கள் புத்தகத்தை வாங்க வேண்டும். வாங்கியதோடு நின்று படம் எடுத்து முகநூலில் போட வேண்டும். படித்தாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் கிடையாது.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. மொய்யால் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன, கிணறுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. புத்தகங்களும் வந்திருக்கின்றன. போட்ட அச்சுக்கூலி திரும்பி வருவதற்கு அதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. மொய்ப் பணத்தை வருமானம் என்று எண்ணி, அடுத்த ஆண்டும் அதே அளவு வரும் என்று காத்திருக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. முதல் புத்தகத்துக்கு எல்லோரும் வருவார்கள். இரண்டாவதற்குப் பாதிப் பேர். மூன்றாவதற்குப் பெரியப்பா வருவார், அதுவும் உடம்பு சரியாக இருந்தால்.

இலங்கைத் தமிழரிடையே இந்த வழக்கம் இன்னும் துலக்கமாக இருக்கிறது. அங்கே நூலாசிரியரே பதிப்பாளராக இருப்பது விதிவிலக்கில்லை, நடைமுறை. வெளியீட்டு விழாவில் ஊரறிந்த ஒருவர் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்வார், அடுத்துச் சிலர் சிறப்புப் பிரதிகள் பெறுவார்கள், மற்றவர்கள் வரிசையில் வந்து உறையைக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வாங்குவார்கள். உறைக்குள் இருப்பது பெரும்பாலும் நூலின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும். செலவில் பெரும்பகுதி அன்று மாலையே வந்துவிடும். லண்டனிலும் டொரன்டோவிலும் இதே முறையைப் பார்க்கலாம். இதில் ஒளிவுமறைவு இல்லை என்பது எனக்குப் பிடிக்கும். வந்தவர் எழுத்தாளரை ஆதரிக்க வந்தார், ஆதரித்தார், போனார். அதை வாசகப் பரப்பு என்று யாரும் பெயர் மாற்றிச் சொல்வதில்லை.

கையொப்பமும் குஜிலியும்

எழுதியவரே அச்சிட்டு விற்பது தமிழில் புதிதா? பதிப்பகம்தான் பின்னால் வந்தது. 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். புத்தகம் வந்ததும் பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டு போடுகிற கையொப்பம் அது. கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே செல்வர்களையும் உத்தியோகஸ்தர்களையும் தேடிப்போய்ப் பட்டியல் சேர்த்தார். "முன்பதிவு செய்பவர்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி" என்று இன்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு வயது 130-க்கு மேல்.

பண்டிதர்களும் பிரபுக்களும் கையொப்பமிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் சென்னையின் குஜிலிக் கடைத்தெருவிலிருந்து வேறொரு வகைப் புத்தகம் போய்க்கொண்டிருந்தது. வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து, ரயில் கவிழ்ந்தால் அதைப் பற்றி ஒரு பாட்டு, எங்காவது கொலை நடந்தால் அதற்கும் ஒன்று. மட்டமான தாள், சில பக்கங்கள், சில காசு விலை. சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலிலும் பாடிக்காட்டி விற்றார்கள். வாங்குகிறவரின் பெயர், ஊர், குலம் எதையும் கேட்கவில்லை. என் நோட்டின் மொழியில் சொன்னால் முழுக்க முழுக்க மூன்றாவது பத்தி. கற்றவர்கள் அவற்றை நூல் என்றே மதிக்கவில்லை. இன்று அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போக வேண்டும்.

இந்த இரண்டு உலகத்தையும் ஒன்றாக்க நினைத்தவர் பாரதி. 1920-இல் கடையத்தில் இருந்தபோது நண்பர்களிடம் கடன் கேட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது திட்டம். மொத்தம் 4 லட்சம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் செலவாகும் என்று நம்பினார். பணம் திரளவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். 1949-இல் சென்னை மாகாண அரசு அவர் எழுத்துகளின் உரிமையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது, பின்னர் அது பொதுவானது. அதன்பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகி, பேருந்து நிலையக் கடைவரை மலிவுப் பதிப்புகள் வந்து குவிந்தன. மண்ணெண்ணெய்க் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கல்லாவில் உட்காரத்தான் அவர் இல்லை.

பாரதியின் எண்ணிக்கைக்கு நேர் எதிர்முனையில் எழுத்தாளர் சி.சு.செல்லப்பா. 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து' இதழுக்குச் சந்தா கட்டியவர்கள் சில நூறு பேர்தான். 1970 வரை நடத்தினார். அச்சிட்ட நூல்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். விற்றதைவிடச் சுமந்தது அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சில நூறு பேருக்குள் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். திருகோணமலையிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் கவிதைகள் அனுப்புகிறார். செல்லப்பாவுக்கு அவர் உறவுமில்லை, ஊருமில்லை. அவர்தான் பின்னாளில் கவிஞர் பிரமிள். 1962-இல் அந்த இதழின் கவிதைகளிலிருந்து தொகுத்து வெளியிட்ட 'புதுக்குரல்கள்' இல்லாமல் தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை எழுத முடியாது. செல்லப்பா அதோடு ஓயவில்லை. மூன்று பாகங்கள் கொண்ட 'சுதந்திர தாகம்' நாவலை 1997-இல் தம் 85-ஆம் வயதில் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு காலமானார். 2001-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது வாங்கும் வயதா, புத்தகம் போடும் வயதா என்று 1997-இல் யாராவது அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

திருநெல்வேலியில் மிளகாய் வியாபாரம் செய்துகொண்டிருந்த தோப்பில் முஹம்மது மீரானின் முதல் நாவல் முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. 1988-இல் அதைத் தம் சொந்தப் பதிப்பாகவே கொண்டுவந்தார். நூலாவதற்கு முன்பே அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள். இலக்கிய வட்டத்தில் இல்லை, அந்த இதழைப் படித்த வீடுகளில். இந்த விஷயத்துக்குப் பின்னால் மீண்டும் வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்திய டொமினிக் ஜீவாவையும் விட்டுவிட முடியாது. 1966-இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். இதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து, எதிர்ப்படுகிறவரிடம் தானே கொடுத்துக் காசு வாங்குவார். ஆசிரியரும் அவரே, விற்பனையாளரும் அவரே, பாக்கி வசூலிப்பவரும் அவரே. தெருவில் எதிர்ப்படுகிறவர் மொய் எழுத வேண்டிய கட்டாயம் இல்லாதவர் என்பதைக் கவனியுங்கள்.

இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு அளவு இருந்தது. சாமிநாதையருக்கு ஏடு அழியுமுன் பாடம் அச்சேற வேண்டும். குஜிலிக்காரருக்கு இன்றைய சாப்பாடு. பாரதிக்கு எல்லா வீடும். செல்லப்பாவுக்குப் பதில் எழுதக்கூடிய சில நூறு பேர். ஒருவருடைய மரக்காலை எடுத்து இன்னொருவரை அளந்தால் எல்லோருமே தோற்றவர்களாகத் தெரிவார்கள்.

85 ரூபாய்

பணத்துக்கு வருவோம். ஆஃப்செட்டில் அச்சிட்ட காலத்தில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகளுக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. அந்த ஆயிரத்தில் பெரும்பகுதியை நூலக ஆணை விழுங்கிக்கொண்டது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியிலிருந்து அரசு வாங்கும் புத்தகங்கள் அவை. பதிப்பாளர்கள் தாளின் விலையைப் பார்ப்பதுபோல ஆணை வருமா, எப்போது வரும் என்றும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சொந்தமாக ஆயிரம் பிரதி அச்சிட்டு ஆணை கிடைக்காமல் போனவர்களின் வீட்டில் கட்டிலுக்கடியில் இன்றும் அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. கரையான் மட்டும்தான் முழுதாகப் படித்தது.

டிஜிட்டல் அச்சு வந்து இதை மாற்றிவிட்டது. இன்று 50 பிரதிகூட அச்சிடலாம், தீர்ந்ததும் இன்னொரு 50. கட்டிலுக்கடி காலியாகிவிட்டது. ஆனால் ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறிவிட்டது.

ஒரு பேச்சுக்கு 160 பக்கம், டெம்மி அளவு, விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த எண்ணிக்கையில் அச்சிட ஒரு பிரதிக்கு 75 ரூபாய். கடைக்குக் கொடுத்தால் 40 சதவீதக் கமிஷன், அதாவது 80 ரூபாய். மிஞ்சுவது 45, பார்சல் கூலி போனால் 35. கடைக்காரர் பணம் தர ஆறு மாதம் ஆகலாம், கேட்டுக் கேட்டு நட்பு கெடலாம். நேரடியாக வாசகருக்கு அனுப்பினால் அஞ்சலும் உறையும் 40 ரூபாய் போக 85 மிஞ்சும். 300 பிரதியும் இப்படியே போனால் 25,500 ரூபாய். அட்டை வரைந்தவர், மெய்ப்புப் பார்த்தவர், பக்கம் வடிவமைத்தவர் மூவருக்கும் நியாயமான கூலி கொடுத்தால் அதில் பெரும்பங்கு தீர்ந்தது. அதனால்தான் சொந்தப் பதிப்புகளில் மெய்ப்பை மனைவியோ தம்பியோ பார்க்கிறார்கள், பிழைகளும் குடும்பத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

கெவின் கெல்லி என்ற அமெரிக்கர் 2008-இல் எழுதிய ஒரு கட்டுரையை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒரு படைப்பாளிக்குக் கோடிக்கணக்கான ரசிகர்கள் வேண்டாம், எதைச் செய்தாலும் வாங்குகிற ஆயிரம் பேர் போதும், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு டாலர் கொடுத்தால் ஒரு லட்சம் டாலர் என்பது அவர் வாதம். அழகான கணக்கு, ஆனால் டாலரில்தான் அழகு. மேலே போட்ட நம் கணக்கில் ஆயிரம் பேர் ஆண்டுக்கொரு புத்தகம் வாங்கினால் 85,000 ரூபாய். மாதம் ஏழாயிரம் சொச்சம். அந்த ஆயிரம் பேரைச் சேர்ப்பதே ஒரு ஆயுள் வேலை என்பது வேறு விஷயம். எழுத்தை மட்டும் நம்பி வாழ்வதை வெற்றிக்கு அளவாக வைத்தால் சொந்தமாக வெளியிடும் தமிழ் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் முதல் நாளிலேயே தோற்றுவிட்டார்கள். அந்த அளவை வைத்துக்கொண்டு எழுத உட்காருவது வீண் வேதனை.

இந்தக் கணக்கு தெரியாதவர்களை நம்பியே ஒரு தொழிலும் நடக்கிறது. எழுதியவரிடம் பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டு, ஐம்பது பிரதியை அவர் கையில் கொடுத்து, விழா நடத்தி, சான்றிதழோ கேடயமோ தந்து அனுப்பிவிடுவார்கள். சேவைக்குக் கூலி வாங்குவது குற்றமில்லை. ஆனால் மீதிப் பிரதிகள் எங்கே, எந்தக் கடையில் இருக்கின்றன என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். நான் பணம் கட்டியது எந்த இடத்தில் என்பதைச் சொல்லப் போவதில்லை. கட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துக்கு இவ்வளவு

2016 டிசம்பரில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. 2018-இல் அதன் எழுத்துப் போட்டியிலும் தமிழ் சேர்ந்தது. ஏற்கெனவே இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகக் குடும்ப நாவல் எழுதிக்கொண்டிருந்த பெண்கள் பலர் அங்கே போனார்கள். இலக்கிய இதழ்கள் பெயரைக்கூடக் குறிப்பிடாத இவர்களில் சிலருக்கு இருக்கிற வாசகப் பரப்பு, விருது வாங்கிய நாவலாசிரியர்களுக்கு இல்லை என்பதே என் கணிப்பு. மாத நாவல் படித்த தலைமுறையின் மகள்கள் இப்போது கைபேசியில் படிக்கிறார்கள். குஜிலிக்காரர்களைப் பண்டிதர்கள் பார்த்த பார்வைக்கும் இவர்களை நாம் பார்க்கும் பார்வைக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அங்கே பணம் வரும் வழி சற்று விசித்திரமானது. மாதச் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில், 2015 ஜூலை முதல், எத்தனை பக்கம் படிக்கப்பட்டதோ அதற்கேற்ப எழுத்தாளருக்குப் பணம் கணக்கிடப்படுகிறது. அந்தத் திட்டத்தில் நூல் இடம்பெற வேண்டுமானால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. இந்தியாவில் தனி விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றாலும் இதே கட்டுதான், இல்லாவிட்டால் 35. பக்கத்துக்குப் பணம் என்றால் என்ன நடக்கும்? நாவல்கள் நீண்டன. இரண்டாம் அத்தியாயத்தில் முடிந்திருக்க வேண்டிய கோபம் பன்னிரண்டாம் அத்தியாயம்வரை தணியவில்லை.

இருந்தாலும் இந்த முறையில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. எத்தனை பிரதி விற்றது என்று மட்டுமே அறிந்திருந்த தமிழ் எழுத்தாளருக்கு, எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று முதன்முறையாகத் தெரிந்தது. 200 பக்க நூலுக்கு 4,000 பக்கம் படிக்கப்பட்டது என்று காட்டினால் அது இருபது பேர் முழுதாகப் படித்ததா, நூறு பேர் நாற்பதாவது பக்கத்தில் இறங்கிப் போனதா என்று தெரியாது. ஆனாலும் மொய்யை அது கழித்துவிடுகிறது. என் மாமா புத்தகத்தை வாங்குவார், பக்கம் புரட்ட மாட்டார். அல்லது அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன், போட்டிக் காலங்களில் "நீங்கள் என் கதையைப் புரட்டுங்கள், நான் உங்கள் கதையைப் புரட்டுகிறேன்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒப்பந்தம் போடுவதைப் பார்க்கும்வரை. மொய் எங்கே போனாலும் கூடவே வந்துவிடுகிறது.

பணமே வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு வேறு பாதை இருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் எழுத்தாளர்கள், யாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகிற நூல்களை இலவசமாக வெளியிடுகிறது. ஈழத்து நூல்களுக்கு 2005-இல் தொடங்கிய நூலகம் தளம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருநூறு பிரதி அச்சாகி, போரில் வீடு மாறி, எங்கும் கிடைக்காமல் போன கவிதைத் தொகுப்பை இன்று நான் சென்னையில் உட்கார்ந்து படிக்க முடிகிறது. எழுதியவருக்கு நான் யாரென்று தெரியாது. அவர் நோட்டு வைத்திருந்தால் நான் மூன்றாவது பத்தி.

உரக்கடை

என் 41 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். நகரத்தில் ஒரு புத்தகக் கடையில் 30 பிரதிகள் வைத்தேன். எட்டு மாதத்தில் 4 விற்றன. எங்கள் ஊர்ச் சந்தைப்பேட்டையில் ஒரு உரக்கடையில் 20 வைத்தேன். 17 விற்றன. யூரியா மூட்டைக்கும் மருந்து தெளிக்கும் கருவிக்கும் நடுவில், கல்லாவுக்குப் பக்கத்தில் அவை இருந்தன. கடைக்காரர் பில் போடும் பழக்கத்தில் வாங்கியவர் பெயரையும் ஊரையும் எழுதி வைத்திருந்தார். கமிஷனாக அவர் கேட்டது ஒரு பிரதி.

காரணம் எளிது. ஏரியைப் பற்றிய நூலை வாங்கக்கூடியவர் ஏரித் தண்ணீரில் பயிர் வைப்பவர். அவர் புத்தகக் கடைக்குப் போவதில்லை, உரக்கடைக்குப் போகிறார். இலக்கிய வாசகர் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு அவரைத் தேடி நான் சென்னைவரை போய் வந்திருக்கிறேன், ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் தெரிந்தவர் அரங்கில் ஒரு மூலை கேட்டு வாங்கி நின்றிருக்கிறேன். லட்சக்கணக்கான தலைப்புகளுக்கு நடுவே முன்பின் தெரியாத பெயரை ஒருவர் எடுத்துப் புரட்ட வேண்டுமென்றால் அட்டையில் இருக்கிற ஒரு சொல் அவரைத் தொட வேண்டும். பெரும்பாலும் அந்தச் சொல் நம் பெயராக இருக்காது, நாம் எழுதிய பொருளாக இருக்கும். நாதஸ்வரத்தைப் பற்றி எழுதியவரின் வாசகர் கோயில் திருவிழாவில் இருக்கிறார். ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கதையை எழுதியவருக்கு அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறது.

கதைக்கும் கவிதைக்கும் இது அவ்வளவு நேராகப் பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கே வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் மீரானின் நாவலை நினைத்துப் பாருங்கள். கடற்கரை முஸ்லிம் ஊர் ஒன்றின் கதை, அந்த வாழ்க்கையை அறிந்த குடும்பங்கள் படிக்கிற இதழில் முதலில் வந்தது. அங்கிருந்து மெல்ல நகர்ந்து, அந்த வாழ்க்கையைப் பற்றி எதுவும் தெரியாத என்னைப் போன்றவர்களிடம் வந்தது. முதலில் இலக்கிய வட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டுப் பிறகு மக்களிடம் போகலாம் என்று திட்டமிடுகிற நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

கிளை நூலகங்களில் இயங்கும் வாசகர் வட்டங்களையும் நாம் போதுமான அளவு மதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பதினைந்து பேர் வருவார்கள், அவர்களில் மூன்று பேராவது புத்தகத்தைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு என் நூலின் நான்காம் கட்டுரையை முழுதாகத் திருத்தி எழுதினேன்.

இரண்டு சின்ன வேலைகளைச் சொந்தமாக வெளியிடுகிறவர்கள் பலர் செய்வதில்லை. ஒன்று ஐ.எஸ்.பி.என்., அதாவது ஒவ்வொரு நூலுக்கும் தனியாகத் தரப்படும் பன்னாட்டு அடையாள எண். தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. அதற்குப் பணம் கேட்கிறவர் உங்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறார், அவ்வளவுதான். இன்னொன்று 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம். நூல் வெளிவந்த 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் நான் என் நூலுக்காகப் பழைய நீர்ப்பாசனக் கையேடு ஒன்றைத் தேடி அலைந்தபோது, அது கிடைத்த இடம் கன்னிமாரா. அறுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் ஒரு பிரதியை ஒழுங்காக அனுப்பியிருந்தார்.

சென்ற மாசி மாதம் ஒரு தொலைபேசி வந்தது. போளூர் பக்கத்துக் கிராமம். பொதுப்பணித் துறையில் ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். வாழ்த்தப் போகிறார் என்று நினைத்து எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"தம்பி, எண்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். கீழே மதகு என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம் ஐயா."

"மதகு கரையில் அல்லவா இருக்கும்? இது கரையை விட்டுத் தள்ளி ஏரிக்குள்ளே இரண்டு கல் தூணுக்கு நடுவே நிற்கிறதே, பார்க்கவில்லையா? இதற்குப் பெயர் குமிழி. அடியில் துளை இருக்கும். மேலே இருந்து அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் கரைக்குக் கீழாகவே வெளியே போய்விடும். முப்பது வருஷம் நான் திறந்து மூடியிருக்கிறேன்."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, புத்தகம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். உரக்கடையில்தான் இருக்கும், பதினேழில் எந்தப் பெயர் என்று பார்த்துவிடலாம் என்று நோட்டையும் பிரித்துவிட்டேன். அவர் வாங்கவில்லை. உரக்கடையில் வாங்கிய ஒருவரிடமிருந்து அவருடைய மருமகன் வாங்கி வந்தானாம். அவன் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆசிரியருக்குக் கொடுத்து, அவரிடமிருந்து இவரிடம் வந்திருக்கிறது. இப்போது இவரிடமிருந்து ஏரிச் சங்கத்துத் தலைவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த 50 பிரதியில் படக்குறிப்பைக் குமிழி என்று மாற்றி அச்சிட்டேன். நோட்டில் நான்காவது பத்திக்குக் கோடு போடப் பார்த்தேன், பக்கத்தில் இடம் இல்லை. திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.